அந்தச் சிறிய எழுத்தை வாசித்தது யார்?



2024ஆம் ஆண்டு கோடையில் ஒரு முதல் வெள்ளிக்கிழமை. நோயாளிகளுக்கு நற்கருணை வழங்கச் சென்றிருந்தேன். ஒரு வீட்டில் பாட்டியின் நான்கு வயதுப் பேரனுக்கு முந்தின நாளிலிருந்தே வயிற்றுப்போக்கு. பையன் சோர்ந்துபோய்ப் பாயில் கிடந்தான். பாட்டியிடம் பெரிய பதற்றம் இல்லை. "ஓ.ஆர்.எஸ். வாங்கிக் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன் சாமி" என்று ஓர் அட்டை டப்பாவைக் காட்டினார். ஆப்பிள் சுவை, உறிஞ்சுகுழல் வேறு. அந்த மூன்று எழுத்துகளும் பளிச்சென்று தெரிந்தன. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூர்ந்து பார்த்தேன். உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ஓ.ஆர்.எஸ். இது அல்ல என்று ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

பாட்டி தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். மருந்துக் கடையில் "ஓ.ஆர்.எஸ். குடுங்க" என்று சரியாகத்தான் கேட்டிருக்கிறார். கேட்டதற்கு இதுதான் கிடைத்தது.

வேறுபாடு சுவையில் மட்டும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு லிட்டர் கரைசலில் 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் உப்பு இருக்க வேண்டும். சிறுகுடல் உப்பையும் சர்க்கரையையும் சேர்த்தே உள்ளிழுக்கிறது. அவற்றோடு தண்ணீரும் உடலுக்குள் போகிறது. அளவு பொருந்தினால்தான் இந்த வேலை நடக்கும். சர்க்கரை மிகுந்துவிட்டால் அது உடலிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துவிடும், வயிற்றுப்போக்கு கூடும். ஏற்கெனவே நீர் வற்றிய குழந்தைக்கு இது விளையாட்டல்ல.

2022ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் இத்தகைய பானங்களின் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற சொல் வரக்கூடாது என்றது. அதே ஆண்டு ஜூலையில், 'இது அந்த ஓ.ஆர்.எஸ். அல்ல' என்ற வாசகத்தை அச்சிட்டால் போதும் என்று தளர்த்தியது. ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் இதற்காகவே போராடினார். 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் அந்தத் தளர்வு நீக்கப்பட்டது. எதிர்த்து ஒரு நிறுவனம் தொடுத்த மனுவை டில்லி உயர் நீதிமன்றம் அம்மாத இறுதியில் ஏற்கவில்லை. நல்ல செய்திதான்.

ஆனால் இடைப்பட்ட மூன்று ஆண்டுகள் என் மனத்தை உறுத்துகின்றன. அப்போது சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது. தகவல் மறைக்கப்படவில்லை, அச்சிடப்பட்டிருந்தது. அது யாருக்குத் தெரிய வேண்டுமோ அவருக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். உணவுப் பொருள்களின் உறையில் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்பதே நமது நாட்டின் விதி. மாநில மொழியைச் சேர்ப்பது நிறுவனத்தின் விருப்பம். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டிலிருந்து 300 மருந்து பிராண்டுகளின் உறையில் கியூ.ஆர். குறியீடு கட்டாயமாயிற்று. போலி மருந்தைக் கண்டறிய நல்ல ஏற்பாடு. பொத்தான் கைபேசி வைத்திருக்கும் பாட்டிக்கு அது ஒரு கறுப்புக் கட்டம்.

இதை வேறு விதமாகவும் செய்ய முடியும் என்பதற்கு நமது அண்டை நாடான வங்கதேசமே சான்று. அங்கே 'பிராக்' என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை வீடு வீடாகச் சென்று, ஒரு கோடிக்கும் மேலான வீடுகளில் தாய்மாருக்கு இந்தக் கரைசலைச் செய்யக் கற்றுக்கொடுத்தது. மூன்று விரல் உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். அந்தத் தாய்மாரில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனவே விரலும் கைப்பிடியுமே அளவாயின. நான் மிகவும் வியப்பது இன்னொன்றை. சொல்லிக்கொடுத்த பெண் பணியாளர்களுக்கு, எத்தனை வீடு சென்றார்கள் என்று பார்த்து ஊதியம் கொடுக்கவில்லை. சில வாரங்கள் கழித்து வேறொருவர் போய், அந்தத் தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார், சரியாகக் கலக்கிறாரா என்று பார்ப்பார். அதைப் பொறுத்தே ஊதியம். தாய்க்குப் புரியவில்லை என்றால் அது கற்பித்தவரின் குறை. தாயின் குறை அல்ல. (இந்த முறையில் நமது மறையுரைகளுக்கு ஊதியம் நிர்ணயித்தால் என் நிலை என்னவாகும் என்று யோசித்துப் பார்த்ததுண்டு.)

கம்பெனிகளை மட்டும் குறைகூறி முடித்துவிட மனம் வரவில்லை. அருட்சகோதரிகள் நடத்தும் ஒரு மருத்துவமனையில் என் உறவினர் ஒருவரின் அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் படிவம் நீட்டினார்கள். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். "இங்கே ஒரு கையெழுத்து" என்றார் ஊழியர். நோயாளிக்குப் போதிய தகவலைக் கொடுத்துப் பெறுவதே உண்மையான ஒப்புதல் என்று உச்ச நீதிமன்றம் 2008ஆம் ஆண்டிலேயே கூறியிருக்கிறது. நோயாளிக்குப் புரிந்த மொழியில் விளக்கப்பட வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு சாசனமும் கூறுகிறது. நோயுற்றோர் பணியை நமது அடையாளமாகக் கருதும் நாமும் அந்தப் படிவத்தைத் தமிழாக்க நேரம் ஒதுக்கவில்லை. பங்கில் நாங்கள் நடத்திய மருத்துவ முகாமிலும் மாத்திரைகளைச் சிறு உறைகளில் போட்டு, ஆங்கிலச் சுருக்கெழுத்தில் எழுதித்தான் கொடுத்தோம். யாரும் கேள்வி கேட்கவில்லை. புரிந்ததால் கேட்கவில்லை என்று எண்ணிக்கொண்டோம்.

அன்றைய தினம் பையனை ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம். உண்மையான ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் இலவசமாகவே கொடுத்தார்கள். இரண்டு நாளில் தெளிந்துவிட்டான். அடுத்த மாதம் அதே வீட்டுக்குச் சென்றபோது, மீதமிருந்த ஒரு பொட்டலத்தைக் காட்டி, "இதை எப்படிக் கலக்கணும், எனக்குச் சொல்லுங்க பாட்டி" என்றேன்.

"காய்ச்சி ஆறவச்ச தண்ணி ஒரு லிட்டரு. பொட்டலத்தை முழுசாப் போடணும், பாதி பாதியாப் போடக்கூடாது. மறுநாள் மிச்சம் இருந்தாக் கொட்டிடணும்" என்று ஒப்பித்தார். எனக்கு மகிழ்ச்சி. உடனே அவரே கேட்டார்: "சாமி, அந்த ஒரு லிட்டரு எங்க வீட்டுச் சொம்புல எவ்வளவு?"

கடையில் வாங்கிய ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி அளந்து பார்த்தோம். அவர் வீட்டுச் சொம்பு முக்கால் லிட்டர்தான்.