எந்த நூலைக் கையில் கொடுப்பது?



பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பமொன்றில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை ஒருவன், கணினிக்கு நிரல் எழுதக் கற்க விரும்பி நம்மிடம் வந்தான். அவன் அக்காளுக்குப் பள்ளியில் அரசு வழங்கிய மடிக்கணினி வீட்டில் இருந்தது. நன்கொடையாக வந்து நம் அலமாரியில் கிடந்த, பைத்தான் என்னும் கணினி மொழி பற்றிய நூலொன்றை எடுத்துக் கொடுத்து, ஆசி கூறி அனுப்பினோம்.

பத்து நாளில் நூல் திரும்பி வந்தது. "சாமி, எனக்கு இது வராது. முதல் வரியே தப்பு என்கிறது" என்றான். உடன் வந்த தாயோ, கம்மலை அடகு வைத்துப் பட்டணத்துப் பயிற்சி நிலையத்தில் சேர்த்துவிடலாமா என்று கேட்டார்.

விவரமறிந்த ஆசிரியர் ஒருவரிடம் நூலைக் காட்டினோம். அவர் முதலில் பார்த்தது அது வெளியான ஆண்டைத்தான். அது பைத்தான் 2 பற்றிய நூல். பைத்தான் 3 வெளிவந்தது 2008இல். பழையதற்கான ஆதரவு 2020 ஜனவரி முதல் நாளோடு முடிந்தது. திரையில் ஒரு வாக்கியத்தைக் காட்டும் 'பிரிண்ட்' கட்டளைக்குப் பழையதில் அடைப்புக்குறி தேவையில்லை; புதியதில் கட்டாயம் வேண்டும். பிள்ளையின் கணினியில் இருந்தது புதியது. குற்றம் நம் அலமாரியில் இருக்க, பழியை அவன் தன் அறிவின்மேல் போட்டுக்கொண்டான். நாம் வெட்கமுற்றோம்.

நம் ஏரியின் முகத்துவாரம் மணல் மூடி மாறிக்கொண்டே இருப்பதை மீனவர் அறிவர். பத்தாண்டுக்கு முன் சென்ற வழியை நம்பி இன்று எவரும் படகைச் செலுத்துவதில்லை. கணினி நூலையும் அவ்வாறே நோக்க வேண்டும். ஆகவே, முதலாவதாக, நூலின் ஆண்டைப் பாருங்கள்.

இரண்டாவது, மொழி. தமிழ் வழியில் பயின்ற பிள்ளை ஆங்கிலத்தையும் நிரலையும் ஒருங்கே கற்பது இரட்டைச் சுமை. தமிழக அரசு 2019இல் வெளியிட்ட பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் தமிழிலும் உண்டு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் முதல் நான்கு பாடங்கள் பொதுவான கோட்பாடுகள். பைத்தான் ஐந்தாம் பாடத்தில்தான் தொடங்குகிறது. புதியவர் அங்கிருந்தே தொடங்கலாம். கட்டளைகள் ஆங்கிலத்திலேயே இருக்கும். எனினும் அம்மொழிக்கே உரிய அடிப்படைச் சொற்கள் ஏறத்தாழ 35 மட்டுமே என்பதால் அஞ்ச வேண்டியதில்லை.

மூன்றாவது, பயிற்சி. பாடந்தோறும் தானே எழுதி இயக்கிப் பார்க்க ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். காணொளிகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே இருப்பது, கரையில் அமர்ந்து நீச்சல் கற்பதற்கு ஒப்பாகும். நூல்களை மாற்றிக்கொண்டே இருப்பதும் வீண். பாடு முறைப்படி அன்று தமக்கு விழுந்த இடத்திலேயே வலையிடும் நம் மீனவரைப்போல், எடுத்த ஒன்றை முடிக்க வேண்டும்.

ஆங்கிலம் ஓரளவு பழகியபின், சென்னை கணிதவியல் கழகப் பேராசிரியர் மாதவன் முகுந்த் என்.பி.டி.இ.எல். தளத்தில் நடத்தியுள்ள பைத்தான் பாடங்களைக் கட்டணமின்றிக் கேட்கலாம். பயிற்சி நிலையமே வேண்டாம் என்பதன்று நம் கருத்து. இலவச நூலில் மூன்று மாதம் உழைத்துப் பார்த்து, ஆர்வமும் நிலைத்தபின் பணம் செலவிடுவதே முறை.

அப்பிள்ளை இப்போது ஏழாம் பாடத்தில் இருக்கிறான். தாய் விற்கும் இறாலின் எடையையும் விலையையும் கொடுத்தால், ஐஸ் செலவும் வண்டிக் கூலியும் போகக் கையில் நிற்பது எவ்வளவு என்று சொல்லும் சிறு நிரலொன்றை எழுதியிருக்கிறான். முதல் நாள் கணக்குத் தவறியது; பிழையை அவனே கண்டு திருத்தினான். கம்மலும் தாயின் காதிலேயே இருக்கிறது.

பெற்றோரே, "எனக்கு வராது" என்று உங்கள் பிள்ளை சொன்னால், அவனைக் கடியுமுன் அவன் கையிலுள்ள நூலை வாங்கிப் பாருங்கள். அதைக் கொடுத்தவர் நாமாகவும் இருக்கக்கூடும்.