‘திரில்லர்’ வெறும் கூச்சல் என்போருக்கு

மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ இசைத்தொகுப்பை மாணவர்கள் விரும்பிக் கேட்கிறார்கள் என்றாலே நம் ஆசிரியர் சிலர் முகம் சுளிக்கின்றனர். “வெறும் கூச்சல், விளம்பரத்தால் விற்ற சரக்கு” என்று ஒரே வரியில் தீர்ப்பு! 1996 அக்டோபரில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் அவர் பாடக் கேட்ட தலைமுறையினரும் அதற்குத் தலையசைப்பதுதான் வேடிக்கை.

விளம்பரம் ஒரு பொருளை ஓராண்டு விற்கும், ஈராண்டு விற்கும். 1982 நவம்பர் 30இல் வெளிவந்த தொகுப்பை, அன்று பிறந்தே இராத பிள்ளைகள் தேடிக் கேட்பதற்கு எந்த விளம்பரம் காரணம்?

மொத்தம் ஒன்பதே பாடல்கள். அவற்றுள் ஏழு தனித்தட்டுகளாக வந்தன. ஏழுமே அமெரிக்காவின் முதல் பத்து வரிசையில் இடம்பெற்றன. எனினும் என் வாதம் விற்பனையைப் பற்றியதன்று. வேலை முடிந்ததென்று எண்ணித் தட்டில் போட்டுக் கேட்டபோது ஒலி சோர்ந்து கிடந்தது. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நிமிடங்கள் கூடினால் வரிப்பள்ளங்கள் நெருங்கும், ஒலியின் வீச்சு குறையும். நிறுவனமோ அவசரப்படுத்தியது. ஆயினும் அதை அப்படியே வெளியிட அவர்கள் உடன்படவில்லை. பாடல்களைச் சுருக்கி, ஒவ்வொன்றாக மீண்டும் ஒலிக்கலவை செய்தனர். அதே வேளையில், ‘பில்லி ஜீன்’ பாடலின் முகப்பிசை நீளமென்று தயாரிப்பாளர் குயின்சி ஜோன்ஸ் கருதியபோது ஜாக்சன் இசையவில்லை. குரல் எழுமுன் ஏறத்தாழ அரை நிமிடம்! எதை வெட்டுவது, எதை விடுவது என்னும் இந்த அறிவைக் கூச்சல் என்பதா?

நாம் என்ன செய்கிறோம்? யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ஒழிந்தது. மாதிரிக் கட்டுரையை மனனம் செய்விக்கும் வழக்கம் ஒழியவில்லை. திருத்தி எழுதச் சொல்ல நமக்கு நேரமில்லை. திருத்தித் திருத்திச் செய்தவரைக் குறைசொல்ல மட்டும் நேரமிருக்கிறது.

ஜாக்சன் மீதான குற்றச்சாட்டுகளைக் காட்டி வாயடைப்போரும் உளர். 2005இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2009இல் அவர் மறைந்த பின்னரும் புதிய குற்றச்சாட்டுகள் எழுந்தன. அவற்றை மறைக்க வேண்டா. அதற்குரிய இடத்தில் பேசுவோம். இசை நன்றா, தீதா என்பதற்கு அவை விடையாகா.

இசைப் பாடவேளையில் அந்த முகப்பிசையை மட்டும் ஒலிக்கவிட்டு, எந்தக் கருவி எப்போது நுழைகிறது என்று ஐந்தாம் ஆண்டு மாணவர்களை எண்ணச் சொல்லுங்கள். கூச்சல் என்ற ஆசிரியரும் உடனமர்ந்து எண்ணலாம்.