செத்தது டிவியா, சப்ளையா?

கடலூர்க்காரர்களுக்கு டிசம்பர் என்றாலே கொஞ்சம் உதறல்தான். 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 'தானே' புயல், 2015 நவம்பர்-டிசம்பர் வெள்ளம்... 'தானே' அடித்தபோது மாவட்டத்தில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல ஊர்களுக்குக் கரண்ட் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. போன உயிர்களுக்கும் சாய்ந்த முந்திரி மரங்களுக்கும் முன்னால் டிவி எல்லாம் ஒரு விஷயமே இல்லை. ஆனால் ஒவ்வொரு புயலும் ஓய்ந்து, கரண்ட் வந்து, ஸ்விட்சைப் போட்டதும் இந்தப் பக்கத்து வீடுகளில் ஒரு வாக்கியம் தவறாமல் கேட்கும்.

"டிவி செத்துப் போச்சு!"

இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் அவசரத் தீர்ப்பு. அதைவிட மோசம், இப்போதெல்லாம் அது மேல்முறையீடு இல்லாத தீர்ப்பாகவும் ஆகிவிட்டது. பழைய செட் காயலான் கடைக்குப் போகிறது, புது செட் தவணையில் வருகிறது. செத்தது உண்மையில் டிவிதானா என்று கேட்க ஆளில்லை.

'டிவி ஆன் ஆகவில்லை' என்று சொல்வது 'உடம்பு சரியில்லை' என்று சொல்வது மாதிரி. எங்கே வலிக்கிறது என்று கேட்க வேண்டாமா?

முதலில் பார்க்க வேண்டியது முன்பக்கம் கீழே இருக்கும் அந்தச் சின்ன சிவப்பு விளக்கு. அது எரியவே இல்லை என்றால் செட்டுக்குக் கரண்டே போகவில்லை, அல்லது போன கரண்ட் சப்ளை போர்டைத் தாண்டவில்லை. அதே ப்ளக் பாயிண்ட்டில் ஒரு செல்போன் சார்ஜரைச் சொருகிப் பார்த்தால் பாதி சந்தேகம் தீரும். ஸ்டெபிலைசரையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் விலக்கிவிட்டு நேராகச் சுவரில் சொருகினால் மீதியும் தெளியும். விளக்கு எரிகிறது, ரிமோட்டுக்கு மட்டும் அசையவில்லை என்றால் பேட்டரியை மாற்றலாம். செட்டின் அடியிலோ பின்னாலோ இருக்கும் பட்டனை அமுக்கிப் பார்க்கலாம். ப்ளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் விட்டு மறுபடி போட்டால் சில ஸ்மார்ட் டிவிகள் தானாகவே எழுந்துகொள்ளும். விளக்கு விட்டு விட்டு மின்னினால் பல மாடல்களில் அது செட் சொல்லும் குறிப்பு. எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணி வைத்தால் மெக்கானிக்குக்கு வேலை மிச்சம்.

சத்தம் வருகிறது, படம் மட்டும் இல்லையா? அப்படியென்றால் டிவி ஆன் ஆகித்தான் இருக்கிறது! இருட்டில் டார்ச்சை ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். மங்கலாகப் படம் தெரிந்தால், போனது பின்னாலிருந்து வெளிச்சம் தரும் எல்.இ.டி. வரிசை. விலை உயர்ந்த பேனல் பிழைத்திருக்கிறது.

வீட்டில் இருப்பவர்கள் செய்யலாம் என்பது இவ்வளவுதான். மூடியைக் கழற்றக் கூடாது. 230 வோல்ட் உள்ளே போய் டி.சி.யாக மாறும்போது மெயின் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது அங்கேயே இருக்கும். பழைய பிக்சர் டியூப் கலர் செட்டுகளில் கணக்கு 20,000 வோல்ட்டையும் தாண்டும். வெள்ளத்தில் நனைந்த செட்டை 'காய்ஞ்சிருக்கும்' என்று நம்பி ஸ்விட்ச் போடுவதும், ஃப்யூஸ் போன இடத்தில் கம்பியைச் சுற்றுவதும் உயிரோடு விளையாடுகிற காரியம்.

சரி, புயலுக்குப் பிறகு ஏன் இவ்வளவு செட்டுகள் படுக்கின்றன? தெருவுக்கு வருவது மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல். அந்த நியூட்ரல் அறுந்தாலோ கழன்றாலோ, 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்குள் 400 வரை கூட ஏறிவிடும். அந்த நேரத்தில் முதலில் அடி வாங்குவது ஃப்யூஸும், பட்டன் சைஸில் இருக்கும் வாரிஸ்டரும். அவற்றின் வேலையே அதுதான்: தான் போய், மற்றதைக் காப்பாற்றுவது. வாசலில் நின்ற வாட்ச்மேன் விழுந்ததைப் பார்த்து வீட்டுக்குள் எல்லோரும் செத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினால் எப்படி?

தேவனாம்பட்டினம், முதுநகர் பக்கம் கடல் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. ஈரமும் உப்பும் படிந்த போர்டில் சால்டர் முனைகள் அரிக்கும். தெற்கே சிதம்பரம் கடலிலிருந்து உள்ளே தள்ளியிருப்பதால் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் கரண்ட் விஷயத்தில் இரண்டு ஊருக்கும் ஒரே ஜாதகம். 2012-ல் சென்னையைத் தவிர்த்த தமிழ்நாடு முழுக்க நாளுக்குப் பல மணி நேரம் கரண்ட் போய்ப் போய் வந்ததே, அப்போது ஒவ்வொரு முறை கரண்ட் திரும்பும்போதும் செட்டின் சப்ளை பகுதிக்கு ஒரு குட்டி அடி. வருஷக்கணக்கில் சூடும் அடியும் வாங்கிய கெப்பாசிட்டர் கடைசியில் தலை உப்பி நிற்கும்.

அந்த உப்பிய தலையை ஒரே பார்வையில் கண்டுபிடிக்கும் ஆட்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். 2006-ல் தொடங்கி 2011 வரை தமிழக அரசு 1.5 கோடிக்கும் மேல் 14 அங்குல கலர் டிவிகளை இலவசமாகக் கொடுத்தது. அதை வாக்குக்கான விலை என்று திட்டியவர்கள் உண்டு. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய் 2013-ல் தீர்ப்பும் வந்தது. அந்தச் சண்டை ஒருபுறம் இருக்கட்டும். அத்தனை செட்டுகளுக்கும் பழுது பார்க்க ஆள் வேண்டுமே! அதை எந்தத் திட்டமும் கொடுக்கவில்லை. ஒரு சால்டரிங் அயர்ன், ஒரு மல்டிமீட்டர், சந்தையில் வாங்கிய சர்க்யூட் டயகிராம் புத்தகம் - இவற்றோடு உட்கார்ந்திருந்த மெக்கானிக்தான் அந்த வேலையைச் செய்தார்.

இன்றைக்கு அவர் கையில் அந்த டயகிராம் இல்லை. கம்பெனி தருவதில்லை. சர்வீஸ் சென்டருக்குப் போனால் அங்கே கெப்பாசிட்டரை மாற்றுவதில்லை, போர்டையே மாற்றுகிறார்கள். 'அந்த மாடல் போர்டு இப்ப வர்றதில்லை சார்' என்று கைவிரித்தால் கதை முடிந்தது. சில பத்து ரூபாய் சாமானுக்காக பத்தாயிரம் ரூபாய் செட் குப்பை. எல்லாச் செட்டையும் காப்பாற்றலாம் என்று இல்லை. பேனல் உடைந்த டிவிக்குச் செலவு செய்வது புத்திசாலித்தனம் ஆகாது. ஆனால் எது உடைந்தது என்றே தெரியாமல் தூக்கிப் போடுவதற்கு என்ன கணக்கு?

வரிக் கணக்கும் புது செட்டின் பக்கமே சாய்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. நல்லதுதான். ஆனால் ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற சர்வீஸ் சென்டரின் பழுதுபார்ப்புக் கூலிக்கும் அதே 18 சதவீதம். புதிதாக வாங்குபவரும் இருப்பதைச் சரிசெய்பவரும் ஒரே தராசில்!

ஐரோப்பிய யூனியனில் 2021 மார்ச் முதல் ஒரு விதி இருக்கிறது. ஒரு டிவி மாடலின் கடைசி செட் சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது 7 வருடம் அதன் உதிரி பாகங்கள் மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க வேண்டும். அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்ட பாகங்களில் ஒன்று செட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை. ஸ்விட்ச் போட்டால் வராத டிவியில் எங்கே கை வைக்க வேண்டும் என்று விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இந்தியாவில் மத்திய அரசு 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளம் தொடங்கியது. அது கம்பெனிகள் தரும் தகவலைத் திரட்டித் தரும் இடம். தராவிட்டால் தண்டிக்கும் சட்டம் அல்ல. பவர் சப்ளை போர்டும் அதன் டயகிராமும் 7 வருடத்துக்கு யார் கேட்டாலும் கிடைக்க வேண்டும் என்று ஒரே ஒரு விதி வந்தால்கூட கடலூரிலும் சிதம்பரத்திலும் எத்தனையோ செட்டுகளும் சில மெக்கானிக் கடைகளும் பிழைக்கும்.

அந்த விதி வரும் வரை இரண்டு வேலைகள் கையில் இருக்கின்றன. புயல் எச்சரிக்கை வந்தால் டிவி ப்ளக்கையும் கேபிள் ஒயரையும் பிடுங்கி வைப்பது. அப்படியும் டிவி வரவில்லை என்றால், எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் பார்ப்பதற்கு முன் பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பது: "அண்ணே, சப்ளை மட்டும் போயிருக்கான்னு பாருங்களேன்?"