மரத்தடிக்கு வந்த டாக்டர் மார்க்கெட்டுக்கு வரமாட்டாரா?

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது நாற்பது. மனைவி, இரண்டு பிள்ளைகள். முழங்கைக்கு மேலே நிறம் மங்கிய ஒரு படை. அரிப்பு இல்லை. வலி இல்லை. கிள்ளினாலும் தெரியவில்லை.

"அது தேமல்ண்ணே. தன்னால போயிரும்" என்கிறார் பக்கத்து ஆள்.

தொழிலாளிக்கு உள்ளுக்குள் ஒரு சந்தேகம். ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார். போனால் அரை நாள் கூலி போச்சு! அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. 'அந்த வியாதி' என்று டாக்டர் சொல்லிவிட்டால்? கூட மூட்டை தூக்குகிறவன் தள்ளி நிற்பான். டீக்கடையில் தனி கிளாஸ் வைப்பார்கள். மகளை யார் கட்டிக்கொள்வார்கள்?

முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துக்கொள்கிறார்.

இப்படி மறைத்து வாழ்ந்தவர்களைத் தேடிப்போன ஒரு டாக்டர் தமிழ்நாட்டில் இருந்தார். அவரை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே 1955

ஒட்டன்சத்திரத்துக்காரர்களுக்கு நல்ல டாக்டரின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1955ல் டாக்டர் தரியன், டாக்டர் ஜேக்கப் செரியன் முதலானோர் சேர்ந்து இங்கே கிறிஸ்டியன் பெல்லோஷிப் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார்கள். ஊர் அதை மறக்கவில்லை.

அதே 1955ல், செங்கல்பட்டு சீமையில் உள்ள பொலம்பாக்கம் கிராமத்துக்கு ஒரு வெள்ளைக்கார டாக்டர் வந்து சேர்ந்தார். பெயர் ஹெமரிக்ஸ். பெல்ஜியம் நாட்டுக்காரர். 1902ல் பிறந்தவர். பக்தியுள்ள கத்தோலிக்கர். மொலக்காய் தீவில் தொழுநோயாளிகளோடு வாழ்ந்து, அதே நோய் கண்டு 1889ல் இறந்தாரே பாதிரியார் டேமியன், அவர் பிறந்த நாடும் பெல்ஜியம்தான். டேமியனுக்கு 2009ல் புனிதர் பட்டம் கிடைத்தது. ஹெமரிக்சுக்குப் பட்டம் எதுவும் இல்லை. மரத்தடிதான் கிடைத்தது!

1929ல் ஆப்பிரிக்காவின் காங்கோவுக்குப் போனவர் அவர். அங்கே தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்த அனுபவத்தோடு, ஐம்பது வயது தாண்டிய பிறகு தமிழ்நாட்டுக்கு வந்தார். ஓய்வு எடுக்கிற வயதில் செங்கல்பட்டு வெயிலுக்கு வந்தார்.

போலீஸ் பிடித்த காலம்

அப்போது செங்கல்பட்டு வட்டாரத்தில் தொழுநோய் மிக அதிகம். திருமணியில் பெரிய தொழுநோய் ஆஸ்பத்திரி இருந்தது. ஆனால் நோய் கண்ட எல்லோரையும் கொண்டுபோய்ச் சேர்க்க எந்த ஆஸ்பத்திரியில் இடம் இருக்கும்?

சட்டமோ நோயாளியைக் குற்றவாளி போல நடத்தியது. 1898ம் ஆண்டுச் சட்டப்படி, பிச்சை எடுக்கும் தொழுநோயாளியை வாரண்ட் இல்லாமலே போலீஸ் பிடிக்கலாம். விடுதியில் அடைக்கலாம். இதைக் கேள்விப்பட்ட ஜனங்கள் என்ன செய்வார்கள்? நோய் வந்தால் ஒளிந்துகொண்டார்கள். வீட்டுக்காரர்களும் பின்கட்டில் ஒளித்து வைத்தார்கள்.

1940களில் நிலைமை மாறத் தொடங்கியது. 'டாப்சோன்' என்ற மாத்திரை வந்தது. விலை மலிவு. வீட்டில் இருந்தபடியே சாப்பிடலாம்.

மாத்திரை தயார். நோயாளிதான் வரவில்லை!

குடும்பத்தைப் பிரிக்காத வைத்தியம்

ஹெமரிக்ஸ் கண்ட வழி சின்ன வழி. நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரவில்லையா? ஆஸ்பத்திரி நோயாளியிடம் போகட்டும்!

ரோட்டோரம் ஒரு பெரிய மரம். குறித்த நாளில் வண்டி அங்கே வந்து நிற்கும். மரத்தடியில் வைத்தியம். தோலைப் பார்ப்பார்கள். புண்ணுக்குக் கட்டுப் போடுவார்கள். மாத்திரை கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டு நோயாளி வீட்டுக்குப் போவார். வண்டி அடுத்த மரத்துக்குப் போகும். 'மரத்தடி கிளினிக்' என்று வெளிநாடுகளிலும் இது பேசப்பட்டது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். நோயாளி வீட்டுக்குப் போனார் பாருங்கள், அதுதான் பெரிய விஷயம்! விடுதியில் அடைத்தால் புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம். பிள்ளைகள் நடுத்தெருவில். மரத்தடி வைத்தியத்தில் தகப்பன் தகப்பனாகவே இருந்தான். வயலுக்குப் போனான். கூலி வாங்கினான். நோயைக் குணமாக்க ஒரு குடும்பத்தை உடைக்க வேண்டியதில்லை என்று நடத்திக் காட்டினார் ஹெமரிக்ஸ்.

அவருடன் பணியாற்றிய பெல்ஜியம் பெண் டாக்டர் கிளேர் வெல்லூட், பிறகு இந்தியப் பிரஜையாகி வாழ்நாள் முழுவதும் தொழுநோயாளிகளுக்கே உழைத்தார். ஹெமரிக்ஸ் 1969ல் காலமானார்.

மருந்து இருக்கு, பயமும் இருக்கு

இன்று மருந்து இன்னும் நல்ல மருந்து. 1981ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைக் கொண்டுவந்தது. ஆரம்ப நிலை என்றால் 6 மாதம், முற்றியது என்றால் 12 மாதம். அரசு ஆஸ்பத்திரியில் காலணா செலவில்லை. மருந்து ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே அடுத்தவருக்குத் தொற்றுவது நின்றுபோகும். கை குலுக்கினால் ஒட்டிக்கொள்ளும் நோயும் அல்ல இது. பெரும்பாலான ஜனங்களுக்கு இதை எதிர்க்கும் சக்தி உடம்பிலேயே உண்டு.

சட்டமும் திருந்திவிட்டது. அந்த 1898ம் ஆண்டுச் சட்டத்தை 2016ல் தூக்கி எறிந்தார்கள். தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்று இருந்த விதியை 2019ல் நீக்கினார்கள்.

ஆனால் நோய் ஒழிந்துவிட்டதா? பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் கீழே குறைந்துவிட்டது என்று 2005 டிசம்பரில் இந்தியா அறிவித்தது உண்மை. என்றாலும் 2022ல் மட்டும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். உலகக் கணக்கில் பாதிக்கு மேல் இது!

தாமதம் செய்தால் நரம்பு கெடும். மரத்துப்போன கையில் சூடு பட்டாலும் தெரியாது. காயம் மேல் காயம் பட்டு விரல் மடங்கும், தேயும். அப்புறம் மாத்திரை நோயைக் கொல்லும், விரலைத் திருப்பித் தராது.

வண்டி வரட்டும்!

வீடு வீடாகப் போய்ச் சோதிக்கிறார்களே என்று அதிகாரிகள் சொல்லலாம். நல்ல காரியம்தான். ஆனால் சோதிக்க வருகிறவர் பகலில் வருகிறார். மார்க்கெட் தொழிலாளி அந்த நேரத்தில் வீட்டிலா இருப்பார்? கேரளாவுக்குப் போகிற லாரியில் தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டிருப்பார்!

ஆகவே வண்டி மார்க்கெட்டுக்கு வரட்டும். மாதம் ஒரு நாள் போதும். லோடு ஏற்றி முடிந்து ஆட்கள் டீ குடிக்கிற நேரமாகப் பார்த்து வரட்டும்.

"நாலு பேர் பார்த்தா மானம் போகுமே" என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. அதற்கும் வழி உண்டு. தொழுநோய் முகாம் என்று போர்டு வைக்காதீர்கள். தோல் நோய் முகாம் என்று வையுங்கள். படை, சொறி, அரிப்பு எல்லாவற்றுக்கும் பாருங்கள். கமிஷன் மண்டி முதலாளி முதல் ஆளாக வரிசையில் நிற்கட்டும். கணக்குப்பிள்ளை நிற்கட்டும். லாரி டிரைவர் நிற்கட்டும். எல்லோரும் சட்டையைக் கழற்றினால் யாருக்கு வெட்கம்?

ஜனவரி 30, காந்தி மறைந்த நாள், தொழுநோய் ஒழிப்பு நாளும்கூட. அன்று உறுதிமொழி வாசித்துவிட்டுக் கலைவது எளிது. மூட்டை தூக்குகிறவரின் சட்டைக் கையை மடித்துப் பார்ப்பதுதான் அந்த மரத்தடி டாக்டருக்குச் செய்கிற மரியாதை.

மாத்திரை இருக்கிறது. மரமும் இருக்கிறது. வர வேண்டியது டாக்டர்தான்!