நோட்டீஸ் கொடுப்பது மட்டுமா பயிற்சி?

கோடை விடுமுறையில் கல்லூரி மாணவர்கள் பயிற்சி கேட்டு நம் மில்லர்புரம் கடைகளுக்கு வருகிறார்கள். பொருட்காட்சி ஸ்டால், சிறப்பு விற்பனை, புதுக்கடைத் திறப்பு என்று கூட்டம் சேரும் இடத்தில் அவர்களை நிறுத்துகிறோம். கையில் ஒரு கட்டு நோட்டீஸ், மாலையில் ஒரு டீ, மாத முடிவில் ஒரு சான்றிதழ். இது பயிற்சியல்ல, கூலியில்லா வேலை. இப்படிச் செய்தவர்களில் நாமும் உண்டு.

கூட்டத்தில் விற்பது லேசான வித்தையல்ல. ஸ்டால் வாடகை, கரண்ட், வண்டிச் சத்தம், மிஞ்சிய சரக்கு எல்லாம் கழித்த பிறகே லாபம் தெரியும். நின்று பார்த்தவர் எத்தனை பேர், வாங்கியவர் எத்தனை பேர், பிறகு கடை தேடி வந்தவர் எத்தனை பேர் என்ற கணக்கை மாணவரிடம் ஒப்படைத்தால் அவருக்கும் படிப்பு, நமக்கும் பயன்.

ஆளைத் தேடிப் போய் விற்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு வ.உ.சி. பல ஊர்களுக்கும் சென்று, நேரில் பேசித்தான் பங்கு சேர்த்தார். இன்றும் பனிமய மாதா திருவிழாவில் ஜூலை 26 கொடியேற்றம் முதல் ஆகஸ்ட் 5 வரை கடைகள் நிறைகின்றன. மே மாதம் நம்மிடம் முறையாகப் பழகியவர் அங்கே மாலை நேரம் கைகொடுப்பார்.

அரசு 2022-இல் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. நம் பங்கு என்ன?

"பிள்ளைகள் வியாபாரத்துக்கு வரமாட்டேன் என்கிறார்கள்" என்று சங்கக் கூட்டங்களில் வருந்துகிறோம். வாசலிலேயே நிறுத்தி வைத்த பிள்ளை கல்லாப் பக்கம் எப்படி வரும்? வரும் கோடையில் பஸ் செலவும் சாப்பாட்டுப் படியும் கொடுப்போம். கூடவே கணக்கு நோட்டையும் கையில் கொடுப்போம்.