இடிந்த தேவாலயத்துக்கு நகல் ஓவியங்களா?

2010-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி. மாலை 5 மணி ஆக இன்னும் 7 நிமிடம். ஹைத்தி நாட்டின் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்சில் பூமி குலுங்கியது.

ஜனாதிபதி மாளிகை சரிந்தது. வீடுகள் மண்ணோடு மண்ணாயின. ஏராளமான மக்கள் மாண்டார்கள். "பரிசுத்த திரித்துவம்" என்ற தேவாலயமும் இடிந்து விழுந்தது.

அதன் சுவர்களில் 14 பெரிய ஓவியங்கள் இருந்தன. மிஞ்சியவை மூன்றே மூன்று!

கார் ஓட்டியவர் வரைந்தார்

ஹைத்தி, கரீபியன் கடலில் உள்ள நாடு. பிரெஞ்சுக்காரர்களின் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த கறுப்பு மக்கள், போராடி 1804-ல் சுதந்திரம் பெற்றார்கள்.

1950-ல் அங்கே பிஷப்பாக இருந்தவர் வோஜெலி. தேவாலயச் சுவர்களை அலங்கரிக்க அவர் ஐரோப்பாவில் இருந்து படம் வரவழைக்கவில்லை. உள்ளூர் ஓவியர்களைக் கூப்பிட்டார். அவர்களில் ரிகோ பெனுவா, கார் ஓட்டிப் பிழைத்தவர். காஸ்தேரா பாசில், வீட்டு வேலை செய்தவர்.

தங்களுக்குத் தெரிந்ததை அவர்கள் வரைந்தார்கள். கானா ஊர்க் கல்யாணம் பைபிளில் வருவது. வில்சன் பிகோ என்ற இளைஞர் அதை ஹைத்திக் கிராமத்துக் கல்யாணமாகவே ஆக்கிவிட்டார். மேளம்கூட உண்டு! பாசில் வரைந்தது ஏசுவின் ஞானஸ்நானம். அதே ஆற்றில் பெண்கள் துணி துவைக்கிறார்கள்.

முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். ஆனால், ஆற்றில் துணி துவைத்துவிட்டு ஜெபத்துக்கு வந்த ஏழைப் பெண், சுவரில் தன்னையே பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை.

தப்பிய மூன்று

பிகோவின் கல்யாணக் காட்சி தூளாகிவிட்டது. பாசிலின் ஞானஸ்நானம், பிலோமே ஒபேனின் கடைசி இராப்போஜனம், பிரெஃபெத் துஃபோவின் ஊர்வலம் ஆகிய மூன்றும் தப்பின. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் ஹைத்தி மக்களோடு சேர்ந்து, அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்தெடுத்துப் பத்திரப்படுத்தியது.

அழிந்த படங்களுக்குப் புகைப்படங்கள் உண்டு. அவற்றைப் பார்த்துப் புதிய சுவரில் அச்சாக வரைந்துவிட்டால் என்ன என்று தோன்றும். அது பெரிய தவறு. பிகோவின் தூரிகையை யார் பிடிப்பது? நகல் வேண்டும் என்று அன்று பிஷப் நினைத்திருந்தால், இந்த ஓவியங்களே பிறந்திருக்காதே!

தப்பிய மூன்றும் காட்சிசாலைக்குப் போகக் கூடாது. ஜெபம் நடக்கும் சுவருக்கே திரும்ப வேண்டும். மற்ற 11 இடங்களையும் இன்றைய ஹைத்தி ஓவியர்களிடம் விட்டுவிட வேண்டும். பூகம்பத்துக்குப் பின் கூடாரத்தில் பிள்ளை வளர்த்த தாயின் முகம் மரியாளுக்கு வந்தால், வரட்டுமே! சுவரை மட்டும் இந்தத் தடவை பூகம்பம் தாங்கும்படி கட்டட்டும்.