அந்தப் படகில் யார் ஏறுவார்கள்?

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கடற்கரைத் துடுப்புப் படகுப் போட்டி முதல்முறையாக இடம்பெறுகிறது. பெயர் 'பீச் ஸ்பிரின்ட்'. மணலில் ஓடிப்போய்ப் படகில் ஏறி, மிதவைகளை வளைந்து கடந்து, 250 மீட்டர் துடுப்பு வலித்துத் திரும்ப வேண்டும். கரையில் குதித்து மறுபடியும் ஓட வேண்டும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். இதற்கான முதல் உலகப் போட்டி 2019இல் சீனாவின் ஷென்ஜெனில் நடந்தது.

எங்கள் மாலை வகுப்பில் இந்தக் காணொளியைக் காட்டினோம். கடற்கரைப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். "இதுக்கா மெடலு?" உள்ளூர்ப் பக்கமிருந்து வரும் மாணவி ஒருத்தி மட்டும், "எனக்கு நீச்சலே தெரியாதேக்கா, நான் சேரலாமா?" என்று கேட்டாள். அவள் ஊர்க் கண்மாயில் நம் தெருப் பிள்ளைகள் இறங்கினால் என்ன ஏச்சு விழும் என்பது நமக்குத் தெரியும். பிறகு நீச்சல் எங்கிருந்து வரும்?

இராமநாதபுரம் பிரப்பன்வலசையில் ஒலிம்பிக் நீர் விளையாட்டு அகாடமி அமைப்பதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது. நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் உடனே கிளம்பும் ஒரு பேச்சு எங்களுக்கு உறுத்துகிறது: "கடலோரப் பிள்ளைகளுக்கு இது ரத்தத்திலேயே இருக்கிறது." புகழ்ச்சி மாதிரி இருக்கும். பிறப்பால் தொழில் என்கிற அதே பழைய சரக்குதான் இது.

நாசிக் மாவட்டத்தின் வறண்ட கிராமத்திலிருந்து வந்தவர் தத்து போகனல். அப்பாவோடு கிணறு வெட்டியவர். ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் துடுப்பைப் பிடித்தார். தொடக்கத்தில் தண்ணீரைக் கண்டாலே பயம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 13ஆம் இடம், 2018 ஆசிய விளையாட்டில் நால்வர் படகில் தங்கம். அவரை வீரராக்கியது சோறு, படகு, பயிற்சியாளர், நேரம். இவை கிடைத்தால் முதுகுளத்தூர் பக்கத்துப் பிள்ளையும் வலிப்பாள்.

கடலோரத்திலும் எல்லாரும் ஒன்றில்லை. 2021 சட்டத்திருத்தம் தேவேந்திரகுல வேளாளர் பெயரை ஏற்றபோதும், இந்தக் கடலோர மாவட்டக் கடையர்கள் பட்டியல் சாதியில் தனிப் பெயராகவே தொடர்கிறார்கள். 'மீனவர் பிள்ளைகள்' என்று மொத்தமாகச் சொல்லித் தேர்வு நடத்தினால் படகு வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளை முன்னால் நிற்கும். கூலிக்குக் கடலுக்குப் போகிறவர் பிள்ளையும் பாசி எடுக்கும் அம்மாவின் மகளும் கரையில் நிற்பார்கள்.

பதக்கம் சும்மா அலமாரிக்குப் போவதில்லை. தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இருக்கிறது. ஆக இது வேலை பற்றிய கேள்வியும்தான்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதத் தொடங்கியிருக்கிறோம். சேர்க்கையில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு உண்டா? பயிற்சியாளர் பணியிடங்களிலும் உண்டா? நீச்சல் தெரிவது சேர்வதற்கு முன் நிபந்தனையா, சேர்ந்த பின் கற்றுத்தருவதா? பெண் பிள்ளைகளுக்கு விடுதி எங்கே? போட்டிக்காகக் கடற்கரையை வேலி போட்டால் மீன் காயவைக்கும் பெண்கள் எங்கே போவார்கள்? வேறு கேள்வி இருந்தால் எழுதி அனுப்புங்கள், சேர்த்துக்கொள்கிறோம். நீச்சல் பற்றிய கேள்வியை அந்த மாணவியே தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறாள்.